பூத்துப்போன வண்ணம்

'பூத்தல்' என்ற சொல்லுக்குத் தமிழில் மலர்தல் மட்டும் பொருளன்று. நெடுநேரம் வழி பார்த்திருந்தவரின் கண்கள் பூத்துப்போகின்றன. ஈரச் சுவரில் உப்புப் பூக்கிறது. மூடி சரியில்லாத ஊறுகாய் ஜாடியில் பூஞ்சணம் பூக்கிறது. அணையும் கங்கின் மேல் நீறு பூக்கிறது. தெளிவாக இருந்த ஒன்றின் மேல் மெல்லிய வெண்மை படிந்து, அடியில் இருப்பதைக் கண்ணுக்கு மறைக்கும்போதெல்லாம் நம் மொழி இந்தச் சொல்லையே எடுத்துக்கொள்கிறது. சென்னையில் கார்களுக்கு வண்ணம் அடிப்பவர் ஒருவரும் என்னிடம் அப்படித்தான் சொன்னார்: "ரூஃப் பூத்துப்போச்சு சார்." ஆங்கிலத்திலும் வார்னிஷின் மேல் படரும் மங்கலுக்குப் 'புளூம்' என்றே பெயர். இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று கேட்டு வைத்த பெயரல்ல இது. மனிதக் கண் எங்கும் ஒன்றையே கண்டிருக்கிறது.

சொல் அழகானதுதான். ஆனால் அது நிற்கும் இடத்தில் நாமும் நின்றுவிட்டால் காரியம் கெடும். கண் மங்குகிறது என்று மருத்துவரிடம் போகிறவருக்கு மங்கல் ஒன்றுதான் தெரியும். மங்கல் கருவிழியிலா, அதன் பின்னுள்ள வில்லையிலா, அதற்கும் பின்னுள்ள விழித்திரையிலா என்பதே மருத்துவரின் முதல் கேள்வி. சிகிச்சை அந்த விடையைப் பொறுத்தது. கார் வண்ணத்தின் மங்கலும் அத்தகையதே. எந்த அடுக்கில் என்பது தெரியாமல் பாலிஷ் மெஷினை எடுப்பவர், எந்தக் கண்ணுக்கு என்று கேளாமல் கத்தியை எடுப்பவருக்குச் சமம். இதைச் சென்ற ஆண்டு என் சித்தியின் காரை முன்னிட்டுச் சற்று விரிவாகத் தெரிந்துகொள்ள நேர்ந்தது.

*

சித்தப்பா 2021இல் காலமானார். 2013இல் அவர் வாங்கிய கருநீல நிறச் சிறிய கார், அதன்பின் நங்கநல்லூரில் அவர்கள் குடியிருப்பின் மதிலோரம், ஒரு தூங்குமூஞ்சி மரத்தின் பாதி நிழலில் நின்றுகொண்டிருந்தது. வாரம் ஒருமுறை யாரேனும் கிளப்பி ஓட்டிவிட்டு வந்து நிறுத்துவார்கள். விற்றுவிடலாம் என்று சித்தி முடிவெடுத்தபோது வந்த தரகர், காரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "பாடி முழுக்க மங்கிடுச்சும்மா. ஃபுல் பெயிண்ட் அடிச்சாத்தான் போகும்" என்று சொல்லி, விலையில் 70,000 ரூபாயைக் கழித்தார். சித்திக்கு அந்தப் பணம் சிறிய தொகை அல்ல. அதைவிட, "முழுக்க" என்ற சொல் அவரைத் தைத்தது. சித்தப்பா ஞாயிறுதோறும் தம் கையால் துடைத்த வண்டி அது.

"ஒன்னும் மிச்சம் இல்லைன்னு சொல்றாரே, நிஜமாவா? நீ ஒரு தடவை வந்து பாரேன்" என்றார் சித்தி தொலைபேசியில்.

நான் போய்ப் பார்த்தபோது தரகர் சொன்னது பார்வைக்கு உண்மையாகவே இருந்தது. பானட், மேற்கூரை, இடப்பக்கப் பின்கதவு, வலப்பக்கம் முழுவதும் என எல்லா இடமும் மங்கல். ஒரே மங்கல் போலத்தான் தோன்றியது. அது ஒன்றல்ல, நான்கு என்பது பிறகுதான் தெரிந்தது.

*

நான்கும் எப்படி வேறுபட்டவை என்பதைச் சொல்வதற்குமுன், காரின் மேல் இருப்பது என்ன என்பதைச் சொல்லியாக வேண்டும். நாம் 'பெயிண்ட்' என்று ஒருமையில் சொல்வது ஓர் அடுக்கு அல்ல. எஃகுத் தகட்டின் மேல் முதலில் பாஸ்பேட் பூச்சு. பிறகு உடல் முழுவதையும் தொட்டியில் அமிழ்த்தி மின்சாரம் பாய்ச்சிப் படியவைக்கும், துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, சுமார் 20 மைக்ரான். அதன்மேல் ப்ரைமர், 30 மைக்ரான் அளவில். அதன்மேல் நிறம்: பேஸ் கோட், 15 மைக்ரான் இருந்தாலே அதிகம். எல்லாவற்றுக்கும் மேலே, நிறமே இல்லாத ஒரு தெளிந்த பிசின் அடுக்கு, 40 மைக்ரானையொட்டி. இதுதான் கிளியர் கோட். மொத்தத்தையும் சேர்த்தால் 100 முதல் 130 மைக்ரான் வரை வரும். தலைமயிர் ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். அதாவது, நாம் பளபளப்பு என்று கொண்டாடும் அடுக்கு ஒரு மயிரிழையைவிட மெல்லியது.

இந்தத் தெளிந்த அடுக்கு எப்போதும் இருந்ததல்ல. ஆங்கிலத்தில் 'லாக்கர்' என்ற சொல்லே நம் பக்கத்து அரக்கிலிருந்து போனது. வடமொழியின் 'லாக்ஷா' போர்த்துக்கீசியர் வழியாக ஐரோப்பாவுக்குச் சென்று அப்படி ஆயிற்று. 1920களின் தொடக்கம் வரை மோட்டார் கார்களுக்கு வார்னிஷ் அடிப்பதும் உலர்வதும் வாரக்கணக்கில் நடந்த வேலை. 1923இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஓக்லண்ட் கார்களுக்கு நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் நீல நிறத்தில் அடிக்கப்பட்டபோது அந்த வாரங்கள் மணிகளாகச் சுருங்கின. அதிலும் அதற்குப் பின் வந்த எனாமல்களிலும் நிறமியே மேற்பரப்பு. வெயிலில் அது வெளிறிச் சுண்ணாம்பு போல் பொடிந்தால், தேய்த்து அந்தப் பொடியை எடுத்துவிட்டால் அடியில் புது நிறம் இருக்கும். பழைய கார் வைத்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும்: சிவப்புக் காரைத் தேய்த்த துணி சிவப்பாகும். 1980களில் இரட்டை அடுக்கு முறை பரவலானபிறகு நிலைமை மாறிற்று. இன்று நீலக் காரைத் தேய்த்த துணியில் நீலம் வந்தால், அந்தக் காருக்குக் கிளியர் கோட் இல்லை, அல்லது இருந்தது தேய்ந்து தீர்ந்துவிட்டது என்று பொருள். ஒரு வெள்ளைத் துணியும் சிறிது பாலிஷும் போதும், இந்த முதல் கேள்விக்கு விடை காண. சித்தியின் காரில் தேய்த்த துணி நீலமாகவில்லை.

கிளியர் கோட்டின் வேலை இரண்டு. ஒன்று, அடியிலுள்ள நிறத்தையும் அதில் மிதக்கும் அலுமினியத் துகள்களையும் காப்பது. அதற்காகவே அதற்குள் புற ஊதாக் கதிரை உறிஞ்சி வெப்பமாக்கும் பொருள்களும், கதிரால் அறுந்த பிசின் பிணைப்புகள் மேலும் நாசம் விளைவிக்காமல் தடுக்கும் பொருள்களும் கலக்கப்பட்டிருக்கும். இரண்டாவது, ஒளியை ஒழுங்காகத் திருப்பியனுப்புவது. மேற்பரப்பு கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தால், விழுந்த ஒளி ஒரே கோணத்தில் திரும்புகிறது. மரக்கிளையின் பிம்பம் கூர்மையாகத் தெரிகிறது. பரப்பிலோ உள்ளேயோ நுண்ணிய சொரசொரப்பு ஏற்பட்டால், ஒளியின் ஒரு பகுதி அந்தக் கோணத்திலிருந்து சற்றே விலகிச் சிதறுகிறது. பிம்பத்தைச் சுற்றி ஒரு பால்வட்டம் தோன்றுகிறது. கருமை வெளிறுகிறது. இவ்வளவுதான் மங்கல். கருநிறக் கார்களில் இது மிகுதியாகத் தெரிவதற்குக் காரணம் அவற்றின் வண்ணம் மோசமானது என்பதல்ல. சிதறிய சிறிது வெண்மைகூடக் கருமையின்மேல் ஒளிய முடிவதில்லை.

சிதறல் எங்கே நிகழ்கிறது என்பதுதான் கேள்வி. கிளியர் கோட்டின் மேல் ஒட்டிய ஏதோவொன்றிலா? அதன் தோலிலுள்ள கீறல்களிலா? அதன் உடலுக்குள்ளா? அதற்கும் கீழேயா?

*

முதலில் காரை நன்றாகக் கழுவி நிழலில் உலரவைத்தோம். அழுக்குக் காரில் எந்தச் சோதனையும் செல்லாது. பிறகு வலப்பக்கம்.

வலப்பக்கக் கதவுகளில் மங்கல் சீராக இல்லை. துளித்துளியாக, ஒவ்வொரு துளியும் விளிம்பு வெளுத்த வட்டமாக இருந்தது. மதிலுக்கு உட்புறம் குடியிருப்பின் பூச்செடிகள். காவலாளி தினமும் மாலையில் ஆழ்குழாய்த் தண்ணீரை ரப்பர் குழாயில் பீய்ச்சுவார். அந்தப் பகுதியின் ஆழ்குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிய பாத்திரத்தின் அடியைப் பார்த்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. ஒரு துணியில் நீர் கலந்த வினிகரைத் தொட்டு ஒரு வட்டத்தின்மேல் அரை நிமிடம் வைத்து எடுத்துக் கழுவினேன். வட்டம் கரைந்து போயிருந்தது. கரைந்தால் அது மேலே படிந்த கால்சிய, மக்னீசிய உப்பு. கரையாமல் குழியாக நின்றால், உப்பு வெயிலில் காய்ந்து கிளியர் கோட்டையே அரித்துவிட்டது என்று பொருள். வலப்பக்கத்தில் பத்தில் ஒன்பது கரைந்தன. முதல் மங்கல் வண்ணத்தின் நோயே அல்ல. சித்தி சொன்ன "உப்புப் பூத்திருக்கு" என்பது இங்கே மட்டும் அட்சரம் பிசகாத உண்மை.

அடுத்து பானட். சித்தி சென்ற ஆண்டின் முற்பகுதியில், பக்கத்திலுள்ள ஒரு பாலிஷ் கடையில் பானட்டை மட்டும் மெருகேற்றச் சொல்லியிருந்தார். மாலையில் டியூப் லைட் வெளிச்சத்தில் பார்த்தபோது புதுக் கார் போல இருந்ததாம். மூன்று முறை கழுவியதும் பழையபடி ஆகிவிட்டது, பழையதைவிட மோசம் என்றார். அவர் சொன்ன வரிசையிலேயே நோய்க்குறி இருந்தது. கழுவக் கழுவத் திரும்பி வந்த மங்கல் என்றால், அது போகவே இல்லை. எண்ணெய்ப் பசையால் நிரப்பப்பட்டு மறைந்திருந்தது.

பானட்டின் ஓர் ஓரத்தில், கழுவலுக்குத் தப்பிய பசை இன்னும் கொஞ்சம் இருக்கலாம் என்று தோன்றிற்று. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் சரிபாதி தண்ணீர் கலந்து துணியில் நனைத்து அந்த இடத்தைத் துடைத்தேன். பிறகு காரை வெயிலுக்கு நகர்த்தினோம். துடைத்த இடத்திலும் மற்ற இடங்களிலும், அகன்ற தூரிகையால் இழுத்ததுபோல நீண்ட நிழற்கோடுகள் எழுந்தன. நான் ஓர் அடி நகர்ந்தால் அவையும் நகர்ந்தன. தொழிலில் இதை ஹோலோகிராம் என்கிறார்கள். வேகமாகச் சுழலும் ரோட்டரி மெஷினில் கம்பளித் தலையும் கரடு காம்பவுண்டும் வைத்துத் தேய்த்துவிட்டு, அதன் தடத்தை மென்மையான பாலிஷால் நீக்காமல் விட்டால் இது வரும். நிழலில் இது வெறும் மங்கல். நேர் வெயிலில்தான் கையெழுத்து வெளிப்படும். ஆகவே நிழலில் மட்டும் பார்த்து ஒரு காரைப் பற்றி எதையும் சொல்லக் கூடாது. வெயிலில் மட்டும் பார்த்தும் சொல்லக் கூடாது.

வெயில் ஏமாற்றும் விதம் ஒன்று உண்டு. காரின்மேல் சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலைபோல வட்டமாகக் கீறல்கள் தெரியும். வட்டமாகத் துடைத்ததால் வட்டக் கீறல் என்று எல்லோரும் நம்புகிறார்கள். உண்மையில் கீறல்கள் எல்லாத் திசைகளிலும் தாறுமாறாகக் கிடக்கின்றன. ஒளிக்குக் குறுக்கே அமைந்தவை மட்டும் மின்னுவதால் வட்டமாகத் தோன்றுகின்றன. இரவில் தெருவிளக்குக்கு முன்னால் நிற்கும் இலையற்ற மரத்தின் சுள்ளிகள் விளக்கைச் சுற்றி வளையமிடுவதுபோலத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே மாயம்தான். கண்ணைக் கொஞ்சம் நகர்த்தினால் வளையமும் கூடவே வரும்.

*

மூன்றாவது, இடப்பக்கப் பின்கதவு. அதில் உப்பு வட்டங்கள் இல்லை, நிழற்கோடுகளும் இல்லை. சீரான, சோர்ந்த மங்கல். டார்ச்சை மிகச் சாய்வாகப் பிடித்தபோது, மங்கலுக்கு அடியில், நீருக்குள் கிடக்கும் வைக்கோல்போல, மெல்லிய இணைகோடுகள் தெரிந்தன. வாட்டர் பேப்பரின் தடங்கள். கிளியர் கோட்டின் மேலே அல்ல, அதற்குக் கீழே.

நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிவந்த தடிமன் மானியை அங்கே வைத்தேன். எஃகின்மேல் காந்தத் தூண்டலாலும் அலுமினியத்தின்மேல் சுழல் மின்னோட்டத்தாலும், மொத்தப் பூச்சின் தடிமனை அது சொல்லும். கிளியர் கோட்டை மட்டும் பிரித்துச் சொல்லாது. பிளாஸ்டிக் பம்பரின்மேல் வாய் திறக்காது. வலப்பக்கக் கதவுகள் 115, 119 என்று காட்டின. இந்தக் கதவு நடுவில் 310, கீழ் ஓரத்தில் 640. அடியில் பட்டி போடப்பட்டிருக்கிறது. கதவு ஒருமுறை நசுங்கி, டிங்கரிங் செய்யப்பட்டு, மீண்டும் வண்ணம் பெற்றிருக்கிறது.

அவசரத்தில் அடித்த வண்ணத்தில் இந்த மங்கல் தோன்றும். ஓர் அடுக்கின் தின்னர் ஆவியாகி வெளியேறுமுன் அடுத்த அடுக்கை அடித்துவிட்டால், சிறைப்பட்ட கரைப்பான் பல நாட்கள் மெல்ல மெல்ல வெளியேறும். கடையை விட்டுக் கிளம்பும்போது ஈரப் பளபளப்புடன் இருந்த பூச்சு, அது வெளியேற வெளியேறச் சுருங்கி, அடியிலுள்ள தாளின் தடங்களில் போய்ப் படிந்துகொள்ளும். பூச்சு பின்வாங்கிவிட்டது என்ற பொருளில் ஆங்கிலத்தில் இதற்கு 'டை-பேக்' என்று பெயர்.

"சித்தி, இந்தக் கதவுல எப்பவாவது இடிச்சிருக்கா?" என்று கேட்டேன். சித்தப்பா அப்படி எதுவும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

சித்தி சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சிரித்தார். "அது நான் பண்ணினது. 2015ல வண்டி கத்துக்கறேன்னு எடுத்து, கேட் தூண்ல ஒரு தேய் தேய்ச்சேன். உங்க சித்தப்பா ரெண்டே நாள்ல சரி பண்ணிக் கொண்டுவந்துட்டார். தான்தான் இடிச்சேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டார். நீகூட நம்பினியே." பிறகு அந்தக் கதவின்மேல் கையை வைத்து, "அதுக்கப்புறம் நான் ஓட்டவே இல்லை" என்றார்.

ரெண்டே நாள் என்ற விவரம் மானி சொன்னதோடு ஒத்துப்போயிற்று.

*

மேற்கூரைதான் மிச்சம். சென்னை 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் பிற்பாதியிலும் நண்பகல் சூரியன் ஏறத்தாழ உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். மற்ற மாதங்களிலும் வெகுதூரம் விலகிப்போவதில்லை. செங்குத்தான கதவுகள் தப்பித்துக்கொள்ளும். மேற்கூரையும் பானட்டும் ஆண்டு முழுவதும் நெற்றியில் வாங்கிக்கொள்ளும். மரத்தின் பாதி நிழல் பானட்டுக்குக் கிடைத்தது. மேற்கூரையின் பின்பாதி வெட்டவெளியில் இருந்தது.

அங்கே வெண்மை தேசப்படம் போல, விளிம்பு துல்லியமான தீவுகளாக இருந்தது. தண்ணீர் தெளித்தேன். தீவுகள் மறைந்தன. சித்தியின் முகம் மலர்ந்தது. துடைத்தேன், ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தன. இந்தச் சோதனையின் பொருளைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நுண்விரிசல்களில் காற்று இருக்கும்போது பிசினுக்கும் காற்றுக்கும் உள்ள ஒளிவிலகல் எண் வேறுபாடு பெரிது, ஒளி சிதறுகிறது. தண்ணீர் அந்த இடத்தை நிரப்பினால் வேறுபாடு குறைந்து ஒளி ஊடுருவிவிடுகிறது. நனைந்தால் தெளிகிறது என்பதற்குச் சரியாகிவிடும் என்று பொருளில்லை. சிதறல் காற்று தொடும் இடத்தில் நடக்கிறது என்று மட்டுமே பொருள். தண்ணீர் ஐந்து நிமிடம் செய்வதை எண்ணெய்ப் பசையும் மெழுகும் சில வாரங்கள் செய்யும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அந்தத் தீவுகளின் விளிம்பில் நகத்தை ஓட்டினேன். நகம் தடுக்கிற்று. கீறல்களால் வரும் மங்கலுக்கும் படிவுகளால் வரும் மங்கலுக்கும் இப்படிக் கரை இருக்காது. புதுப்பேட்டைப் பக்கம் முப்பதாண்டுகளாக வண்ணம் அடிக்கும் பாய் ஒருவரிடம் காரைக் கொண்டுபோனேன். முதல் பத்தியில் நான் சொன்னவர் அவர்தான். அவர் மானியைக் கேட்கவில்லை. கட்டைவிரலால் ஒரு தீவின் நடுவில் அழுத்தித் தேய்த்து, விரலில் ஒட்டிய வெண்பொடியைக் காட்டினார்.

"பாய், பாலிஷ்ல வராதா?"

"மேல இருக்கற அழுக்குன்னா பாலிஷ் போடலாம் சார். இது தோலே செத்துப்போச்சு. செத்த தோல் மேல எதைப் போட்டாலும் அதோட சேர்ந்து உரிஞ்சு வந்துடும்."

வேறோர் இடத்தில் இதே மேற்கூரைக்கு, "மேல ஒரு கோட் கிளியர் மட்டும் அடிச்சுடலாம், சீப்பா முடியும்" என்று சொல்லியிருந்தார்கள். பாயின் ஒரு வாக்கியம் அந்த யோசனையை முடித்துவைத்தது. உரியும் அடுக்கின் மேல் நிற்கும் எதுவும் உரியும். 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் அமெரிக்கச் சாலைகளில் ஏராளமான கார்கள் தகடு தகடாக உரிந்ததற்கும் அடிப்படை இதுதான். நடுவே இருக்க வேண்டிய ப்ரைமர் தவிர்க்கப்பட்ட கார்களில், புற ஊதாக் கதிர் மேலடுக்குகளைக் கடந்துபோய் மின்முறை அடிப்பூச்சின் மேற்பரப்பைப் பொடியாக்கிற்று. மேலே இருந்த வண்ணத்தில் குறையில்லை. அது பற்றி நின்ற தரை போய்விட்டது. நோய் தெரியும் இடமும் நோய் இருக்கும் இடமும் ஒன்றாக இருக்கவேண்டிய அவசியமில்லை.

*

நான்கு மங்கல்களுக்கும் நான்கு வழிகள் என்று ஆனது. வலப்பக்கத்துக்கு வினிகரும் பொறுமையும். கதவில் பூச்சு தடிமனாக இருந்ததால், 3000 எண் வாட்டர் பேப்பரால் லேசாக இழைத்துப் பாலிஷ் போட்டபோது மேற்பரப்பு பிம்பம் காட்டத் தொடங்கியது. அடியிலுள்ள கோடுகள் அப்படியேதான் இருக்கின்றன, அவை பாலிஷுக்கு எட்டாத ஆழம். மேற்கூரைக்கு மறுவண்ணம்.

யோசிக்கவைத்தது பானட்தான். அதன் தடிமன் 104லிருந்து 108 வரை. தொடாத பக்கத்து ஃபெண்டர் 120. தொழிற்சாலையிலேயே இடத்துக்கு இடம் சில மைக்ரான் வேறுபாடு இருக்கும் என்பதால், கடைக்காரர் 12 மைக்ரானை எடுத்துவிட்டார் என்று அறுதியிட முடியாது. ஆனால் கொஞ்சம் போயிருக்கிறது. பாலிஷ் என்பது சேர்ப்பதல்ல, கழிப்பது. கீறலை நீக்குவதில்லை; கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள நல்ல பகுதியைத் தேய்த்து இறக்குகிறது. கழித்த மைக்ரானைத் திரும்ப ஒட்டும் பாலிஷ் உலகில் இல்லை. கழிப்பதோ காப்பதற்காகவே கலக்கப்பட்ட பொருள்களையும் சேர்த்துத்தான். இன்று எடுக்கும் பளபளப்பு, சில வேளைகளில், ஐந்தாண்டு கழித்து வரவேண்டிய தீவுகளை இரண்டாண்டில் வரவழைக்கும்.

ஆகவே ஓரமாக ஒன்றரை அடிச் சதுரத்துக்கு நாடா ஒட்டி, ஆகக் குறைந்த கரடுள்ள பாலிஷும் மென்மையான நுரைத் தலையும் கொண்டு, ஊசலாடிச் சுழலும் மெஷினால் மட்டும் முயன்றோம். ஆல்கஹாலால் துடைத்து வெயிலில் பார்த்தோம். நிழற்கோடுகள் ஏறக்குறைய போயிருந்தன. அவற்றுக்கிடையே தனித்த ஆழமான கீறல்கள் ஏழெட்டு எஞ்சியிருந்தன. இன்னும் ஒரு படி கரடான காம்பவுண்டை எடுத்தால் அவையும் போகும். பாய் என்னைப் பார்த்தார். நான் சித்தியைப் பார்த்தேன்.

"இதுக்குமேல தேய்ச்சா என்ன ஆகும்?"

"நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா அடுத்த தடவை தேய்க்க ஒன்னும் இருக்காது."

"அப்ப விட்டுடுங்க" என்றார் சித்தி.

*

மேற்கூரை வேலை ஐப்பசி மழையில் மாட்டிக்கொண்டது. செத்த அடுக்கை உறுதியான தளம் வரும்வரை இழைத்து, ப்ரைமர் அடித்து வைத்தபின், பாய் நான்கு நாட்கள் ஸ்பிரே கன்னைத் தொடவில்லை. ஈரக் காற்றில் தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் நீராவி அதன்மேல் படியும்; பழைய லாக்கரும் மரச்சாமான்களுக்குப் போடும் அரக்குப் பாலிஷும் மழைநாளில் பால்போல் வெளுப்பது அதனால்தான். இப்போதைய டூ-கே கிளியரிலும், சேர்க்கும் ஹார்டனர் ஈரத்தோடு வினைபுரிந்து பளபளப்பைக் கெடுக்கும். புதிதாக அடிக்கும் வண்ணமே பூத்துப்போகும் என்றால் இத்தனை பாடும் எதற்கு?

ஐந்தாம் நாள் வெயில் வந்தது. பாய் வடிகட்டிக் குப்பிகள் பொருத்திய ரப்பர் முகமூடியை மாட்டிக்கொண்டார். அதுவும் போதாது, வெளியிலிருந்து காற்றுக் குழாய் வரும் முகமூடிதான் சரி என்பது அவருக்கே தெரியும். அந்த ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். உலகெங்கும் வண்ணம் அடிப்பவர்களுக்குத் தொழில்வழி ஆஸ்துமாவைக் கொடுக்கும் பொருள் அது. ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவே மூச்சை இறுக்கிவிடும். பாயின் அண்ணன் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு இருபது ஆண்டுகள் அடித்தவர். வீசிங் வந்து தொழிலை விட்டுவிட்டு இப்போது ஷெட்டுக்கு வெளியே கணக்கு எழுதுகிறார். ஸ்பிரே சத்தம் தொடங்கியதும் நாற்காலியை எடுத்துக்கொண்டு தெருவின் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தார். ஒரு காரின் தெளிவைப் பற்றி எழுதும்போது அந்த நாற்காலியை விட்டுவிட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை.

மேற்கூரைக்கு 9,000 ரூபாய், மெருகு வேலைகளுக்கு 3,500 ரூபாய் ஆயிற்று. தரகர் மீண்டும் வந்து பார்த்துவிட்டு, 70,000 கழிவை 15,000 ஆக்கினார். அதுவும் கதவின் பட்டிக்காக. அதைச் சித்தி மறைக்காமல் தாமே சொல்லிவிட்டார்.

கார் அடுத்த மாதம் கைமாறியது. கொடுப்பதற்குமுன் ஒரு வெள்ளைத்தாளில் மேற்கூரை, பானட், கதவுகள், ஃபெண்டர்கள் ஒவ்வொன்றின் அளவையும் தேதியிட்டு எழுதினேன். பானட்டுக்கு எதிரே, '105 மைக்ரான். இனிக் கரடான காம்பவுண்ட் போட வேண்டாம்' என்று குறித்தேன். சித்தி அதை வாங்கிப் படித்து, கதவுக்கு எதிரே '2015, கேட் தூண்' என்று தம் கையெழுத்தில் சேர்த்து, ஆர்.சி. புத்தகத்தின் உறைக்குள் மடித்து வைத்தார்.